வடசென்னையில் புது மின்சாரக் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். போன வருஷம் நானும் ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். அதிலிருந்து ஃபேன் மாட்டப் போன வீட்டில்கூடக் கார் பேச்சுதான். வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டுத் தவிக்கிறவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணே, கார் புக் பண்ணப் போறேன். முதல்ல எதைப் பார்க்கணும்?

உங்கள் வீட்டு எர்த்தை, அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பை. கலர், சன்ரூஃப், எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நம் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டையில் மெட்ராஸ் டெர்ரஸ் கூரை போட்ட பழைய வீடுகளில் அந்தக் காலத்து வயர்மேன்கள் தனியாக எர்த் குழி எடுக்காமல், தெருவிலிருந்து வரும் இரும்புத் தண்ணீர்க் குழாயில் ஒரு கிளாம்ப் போட்டு அதையே எர்த்தாகக் கொடுத்துவிடுவார்கள். குழாய் மண்ணுக்குள் நெடுந்தூரம் போகும், ஓரளவு வேலை செய்தது. பிறகு குழாய் துருப்பிடித்து, ஓட்டை விழுந்து, வீட்டுக்காரர் பி.வி.சி. குழாய் மாற்றினார். அன்றைக்கே அந்த வீட்டின் எர்த் செத்துப்போனது. பிளாஸ்டிக்கில் மின்சாரம் போகாதே! ஆனால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது. யாருக்கும் தெரியவில்லை. கிளாம்ப் இன்னும் அந்த மிச்சத் துண்டுக் குழாயிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். போன மாதம்கூட ஒரு வீட்டில் அப்படி ஒன்றை என் கையால் கழற்றினேன்.

கார் வந்ததும்தான் இது வெளியே தெரிகிறது. காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் முதலில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கும்; இல்லையென்றால் சிவப்பு விளக்கு போட்டு நின்றுவிடும். ஷோரூமுக்குப் போன் செய்து, சார்ஜர் கெட்டுப்போச்சு என்று சண்டை போடுவார்கள். பெரும்பாலும் சார்ஜர் மேல் தப்பே இருக்காது.

எர்த் சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உரிமம் உள்ள வயர்மேனை வைத்துப் பாருங்கள். நீங்களே பிளக் பாயிண்டில் கம்பி விட்டுப் பார்க்க வேண்டாம். அவர் மீட்டரில் மூன்று அளவு எடுப்பார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அறுந்து தொங்கும் எர்த் கம்பிகூட டிஜிட்டல் மீட்டரில் ஏதோ ஒரு வோல்ட் காட்டி ஏமாற்றும். அதனால் எர்த் டெஸ்டர் வைத்து ஓம் கணக்கு, அதாவது எர்த்தின் மின்தடை எவ்வளவு என்று எடுக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குக் கீழே வந்தால் எனக்கு நிம்மதி. கடலோரம் என்பதால் மண்ணில் ஈரமும் உப்பும் இருக்கும், ஓம் சுலபமாகவே குறையும். ஆனால் அதே உப்புதான் எர்த்துக்குப் புதைக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைச் சீக்கிரம் அரித்துத் தின்னும். காசிமேடு, திருவொற்றியூர் கரையோரம் செம்பு பூசிய ராடுதான் போடச் சொல்கிறேன். விலை கூடுதல்தான், ஆனால் மறுபடி மறுபடி குழி தோண்ட வேண்டியதில்லை.

ஏற்கெனவே ஏ.சி.க்கு 15 ஆம்பியர் பாயிண்ட் இருக்கே, அதுல போட்டா போதாதா?

போதாது. இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

கார் வந்த முதல் மாதம், கொருக்குப்பேட்டையில் என் மைத்துனர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினோம். அவர் வீட்டு வாஷிங் மெஷின் பாயிண்டில் சார்ஜரைச் செருகிவிட்டுப் படுத்தேன். இரண்டு மணி வாக்கில் தங்கச்சி எழுப்பினாள், ஏதோ கருகுற வாசனை வருதுண்ணா என்று. பழைய ஸ்விட்ச் போர்டுகளில் வரும் அந்தப் பேக்கலைட் வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டால் கை சுட்டது. வெளியே எடுத்துப் பார்த்தேன். இரண்டு பின்களில் ஒன்று பளபளவென்று இருந்தது, இன்னொன்று நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தது. போர்டைக் கழற்றினால், நியூட்ரல் ஸ்க்ரூ விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருக்கிறது. அந்த ஸ்க்ரூவில் பச்சைக் களிம்பு வேறு.

ஊருக்கெல்லாம் வயரிங் செய்கிறவன், சொந்தக்காரர் வீடுதானே என்று போர்டைத் திறந்து பார்க்காமல் செருகிவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையதுதான். குழந்தைகள் படுத்திருந்த வீடு அது.

ஏ.சி. கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடும். கீசர் அரை மணி நேரம் ஓடும். கார் மணிக்கணக்கில் மூச்சு விடாமல் இழுக்கும். அந்த வேலைக்கு வீட்டின் சாதாரணப் பாயிண்டுகளைப் போடவில்லை. தளர்ந்த ஒரு ஸ்க்ரூ போதும், சூடு அங்கே சேர்ந்துகொண்டே போகும். லோடு மீறினால் தானாக விழும் எம்.சி.பி. ஸ்விட்சும் விழாது, ஏனென்றால் ஆம்பியர் கூடவில்லை. இணைப்பு மட்டும்தான் கெட்டிருக்கிறது.

அப்போ காருக்குன்னு தனிப் பாயிண்ட் எப்படிப் போடணும்?

மெயின் போர்டிலிருந்து நேராக, நடுவில் வேறு எதுவும் தொங்காத ஒரே ஒரு லைன். நான் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுக்கிறேன்; 2.5 போதும் என்பார்கள், தூரம் கூடினால் அதில் வோல்டேஜ் குறையும். தனியாக ஒரு எம்.சி.பி., அதோடு, கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இந்த ஆர்.சி.சி.பி. கடையில் வாங்கும்போது ‘ஏ டைப்’ என்று கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் ‘ஏ.சி. டைப்’ கொடுத்துவிடுவார்கள். கார் சார்ஜரிலிருந்து கசியும் கரண்டில் நேர்மின்சாரமும் கலந்திருக்கலாம், அதை ‘ஏ.சி. டைப்’ சரியாகக் கண்டுகொள்ளாது.

சார்ஜிங் நிலையங்களுக்கு மத்திய மின்சார ஆணையம் விதிகள் எழுதியிருக்கிறது. அவற்றை வீட்டுக்கும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன், எல்லாமே அர்த்தமுள்ளவை. சாக்கெட் தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். கார் நிற்கும் இடம் சார்ஜிங் பாயிண்டிலிருந்து 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி. 30 மில்லியாம்பியருக்கு மேல் போகக் கூடாது, குறைந்தது ‘ஏ டைப்’ ஆக இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது.

800 என்பது இரண்டரை அடியைவிடக் கொஞ்சம் அதிகம். வடசென்னையில் நான் அதோடு நிற்பதில்லை. வீட்டுக்காரரிடம், “2015லயும் 2023லயும் உங்க வீட்டுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேட்பேன். அவர்கள் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள், சிலர் வீட்டில் அந்தக் கோடு பெயின்டுக்கு அடியில் இன்னும் தெரியும். அதற்கு மேலே இரண்டு அடி விட்டு சாக்கெட் வைப்பேன்.

சாக்கெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். மழைச்சாரல் படும் இடமென்றால் மூடி வைத்த நீலநிறத் தொழிற்சாலை சாக்கெட்டும் அதற்கேற்ற பிளக்கும் கேட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் சார்ஜரின் பிளக்கை வெட்டி மாற்றினால் வாரண்டி போகும். கம்பெனியே அந்தப் பிளக்கோடு தருகிறதா என்று விசாரித்த பிறகுதான் அதில் இறங்க வேண்டும்.

போர்ட்டபிள் சார்ஜர்ல ரொம்ப நேரம் ஆகுமாமே? 7.2 கிலோவாட் பாக்ஸ் வெச்சே ஆகணுமா?

கணக்கு போட்டுப் பார்ப்போம். போர்ட்டபிள் சார்ஜர் சுமார் 3.3 கிலோவாட். நட்டம் போக மணிக்கு 3 யூனிட் பேட்டரிக்குள் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும். ஆக ஒரு மணி நேரம் செருகினால் இருபது கிலோமீட்டர் வாக்கில் ஏறும்.

நம் ஆட்கள் தினம் எவ்வளவு ஓட்டுகிறார்கள்? திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை போய் வந்தால் இருபதைக் கொஞ்சம் தாண்டும். மாதவரத்திலிருந்து கிண்டி போய் வந்தாலும் நாற்பதை ஒட்டித்தான். இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று மணி நேரச் சார்ஜ். ராத்திரி பதினொன்றுக்குச் செருகினால் விடியும்முன் முடிந்துவிடும். 30 யூனிட் பேட்டரியைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு வந்தால்தான் பத்து மணி நேரம் ஆகும், அப்படி யாரும் தினமும் வருவதில்லை.

சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் பாக்ஸுக்கு 32 ஆம்பியர் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் லோடு கூட்ட வேண்டும், பல இடங்களில் மூன்று ஃபேஸுக்கு மாற வேண்டும். வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கு அது சரி. மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல எர்த்தும் வயரும் போடுங்கள்.

இன்னொன்று. பல கார்களில் அல்லது சார்ஜர்களில் ஆம்பியரைக் குறைக்கலாம். கோடையில் ராத்திரி பத்து மணிக்கு தெருவே ஏ.சி. போடும், வோல்டேஜ் படுத்துவிடும். அப்போது 10 ஆம்பியரில் வையுங்கள். எட்டு மணி நேரத்தில் பதினெட்டு யூனிட் எடுக்கும், அது நூறு கிலோமீட்டருக்குப் போதும். சாக்கெட்டும் சூடாகாது.

எங்க தெருவுல கார் நுழையாது, மெயின் ரோட்டுலதான் நிறுத்துறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். கேபிள் மேல் ஆட்டோ ஏறும், மீன் கூடைத் தண்ணீர் கொட்டும், குழந்தைகள் மிதிப்பார்கள். உங்கள் காருக்காகத் தெருவில் போகிறவர் உயிரைப் பணயம் வைக்க முடியாது.

வீட்டு வாசலில் நிறுத்த இடம் இல்லாதவர்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு பாயிண்ட் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை பொதுச் சார்ஜிங் இடத்தில் வேகச் சார்ஜ் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் அதற்கு யூனிட் விலை வீட்டைவிட அதிகம், வரிசையில் நிற்கவும் வேண்டிவரும். இரண்டுமே ஒத்துவராதென்றால் இப்போதைக்கு மின்சாரக் கார் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்படிச் சொல்லி மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கார் பாதுகாப்பு விதிப்படி இருக்குன்னு எப்படித் தெரியும்? எதைக் கேட்டு வாங்கணும்?

இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று கட்டாயம், மற்றொன்று விருப்பம்.

கட்டாயமானது ஏ.ஐ.எஸ். 038 என்ற இந்தியத் தரநிலை. மின்சாரக் கார், பஸ், லாரிகளுக்கு அது. ஸ்கூட்டர், ஆட்டோ வகைக்கு ஏ.ஐ.எஸ். 156. 2022-ல் மின்சார ஸ்கூட்டர்கள் வரிசையாகத் தீப்பிடித்த செய்திகள் வந்தது ஞாபகம் இருக்கும். அதன் பிறகு இரண்டையும் இறுக்கி, 2022 டிசம்பர் 1-லும் 2023 மார்ச் 31-லும் இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பேட்டரியைக் குலுக்கி, நசுக்கி, நெருப்பில் காட்டி, ஷார்ட் செய்து பார்க்கும் சோதனைகள் இதில் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: பேட்டரிக்குள் ஒரு செல் கட்டுமீறிச் சூடானால், உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆபத்து வருவதற்குக் குறைந்தது 5 நிமிஷம் முன்னால் வண்டி எச்சரிக்க வேண்டும். குழந்தைகளை இறக்க ஐந்து நிமிஷம் போதும்.

இந்தச் சோதனையை நீங்கள் செய்ய முடியாது, கேட்டு வாங்க வேண்டியது காகிதம். தயாரிப்பாளர் தரும் படிவம் 22 என்று ஒன்று உண்டு; வண்டி பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது, சாலையில் ஓடத் தகுந்தது என்று அதில் கையெழுத்திட்டிருப்பார்கள். டீலர் தரும் விற்பனைச் சான்று படிவம் 21. இரண்டிலும் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். ஷோரூமில் பூ மாலை போடும் அவசரத்தில் இதை யாரும் செய்வதில்லை. போர்ட்டபிள் சார்ஜர் பெட்டியின் வரிசை எண்ணையும் வாரண்டி அட்டையில் எழுதி வாங்குங்கள்.

அஞ்சு ஸ்டார்னு சொல்றாங்களே, அது?

அதுதான் விருப்பமானது. பாரத் என்கேப் என்பது 2023 அக்டோபர் 1 முதல் நடக்கும் மோதல் சோதனை, கம்பெனிகள் தாங்களாக முன்வந்து காரைக் கொடுக்க வேண்டும். முன்பக்க மோதல் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில். பெரியவர்களுக்கு 32 மதிப்பெண், குழந்தைகளுக்கு 49. டாடா பஞ்ச் இ.வி.யும் நெக்ஸான் இ.வி.யும் 2024 ஜூனில் ஐந்து நட்சத்திரம் வாங்கின. மகிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ இரண்டும் அடுத்த ஜனவரியில் வாங்கின.

நட்சத்திரத்தை எண்ணிவிட்டு நிற்காமல், குழந்தைகளுக்கான மதிப்பெண்ணைத் தனியாகப் பாருங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் இரண்டு கன்டெய்னர் லாரிக்கு நடுவே குடும்பத்தோடு போகிறவர்கள் நாம். எந்த நட்சத்திரமும் கன்டெய்னருக்கு ஈடாகாது, இடைவெளி விட்டு ஓட்டுவதுதான் காப்பாற்றும். மின்சாரக் கார் சத்தமில்லாமல் வருவதால் லாரி கிளீனருக்கோ சைக்கிள்காரருக்கோ பின்னால் வண்டி இருப்பதே தெரியாது. ஹாரனைத் தயங்காமல் அடியுங்கள்.

பதிவு, நம்பர் பிளேட், இன்சூரன்ஸ்ல வித்தியாசம் உண்டா?

கொஞ்சம் உண்டு. சொந்தக் காருக்குப் பச்சைத் தகட்டில் வெள்ளை எழுத்து, வாடகைக் காருக்குப் பச்சையில் மஞ்சள் எழுத்து. பதிவுக் கட்டணம் 2021-லிருந்து விலக்கு. மாநிலச் சாலை வரி விலக்கு காலக்கெடு போட்ட அரசாணையாக வரும். பதிவு செய்யும் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், டீலர் வாய்ச்சொல் போதாது. ஜி.எஸ்.டி. 5 சதவீதம். புகைச் சான்று வேண்டியதில்லை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் 15 சதவீதம் தள்ளுபடி உண்டு, பில்லில் வந்திருக்கிறதா பாருங்கள்.

இன்சூரன்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். தண்ணீரால் பேட்டரிக்கு வரும் சேதம், சார்ஜருக்கு வரும் சேதம் இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காரின் விலையில் பெரும்பங்கு அந்தப் பேட்டரிதான்.

மழைத் தண்ணியில ஓட்டலாமா? மிக்ஜாம் மாதிரி வந்தா?

மழையில் ஓட்டலாம், மழையில் சார்ஜும் போடலாம். காரில் செருகும் முனை நனைவதைத் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். நனையக் கூடாதது சுவர்ப் பக்கம். சார்ஜரின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தரையில் விடாதீர்கள். பிளக்கில் தொங்கவும் விடாதீர்கள், அந்த எடை சாக்கெட்டின் பிடியைத் தளர்த்திவிடும். ஒரு ஆணியடித்து மாட்டிவையுங்கள்.

வெள்ளம் வேறு கதை. பேட்டரிக்கு ஐ.பி. 67 என்று போட்டிருப்பார்கள். கடைசி 7-க்கு அர்த்தம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது. அதுவும் புதுசாக, சுத்தமான தண்ணீரில், ஆய்வுக்கூடத்தில். 2023 டிசம்பரில் நம் தெருக்களில் நின்றது என்ன தண்ணீர் என்று நமக்குத் தெரியும். சாக்கடையும் உப்பும் கலந்து, எண்ணூர் பக்கம் எண்ணெயும் சேர்ந்து, அரை மணி நேரமல்ல, நாள் கணக்கில் நின்றது. அதற்கு எந்தச் சான்றும் இல்லை.

ஆகவே புயல் எச்சரிக்கை வந்ததுமே வண்டியை மேட்டில் ஏற்றுங்கள். பாலத்து ஓரமோ, தெரிந்தவர் வீட்டு மேடோ, இடத்தை இப்போதே பேசி வையுங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி தண்ணீர் தேங்கும் இடத்தில், முன்னால் போகும் வண்டியின் சக்கரத்தில் பாதி மூழ்கினால் திரும்பிவிடுங்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போகாது என்ற தைரியத்தில் மின்சாரக் கார்க்காரர்கள் ஆழத்தில் இறங்குகிறார்கள். ஓரளவுக்கு மேல் கார் மிதக்கும், பிரேக்கும் ஸ்டியரிங்கும் உதவாது.

நின்ற இடத்திலேயே மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் ஆசையாக ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். வீட்டை ஒட்டி நிறுத்தியும் வைக்காதீர்கள், குறிப்பாக உப்புத் தண்ணீர் ஏறியிருந்தால். உள்ளே ஈரம் தங்கி, சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. சர்வீஸ் சென்டரைக் கூப்பிட்டு, நாலு சக்கரமும் தூக்கி வைக்கும் மேடை வண்டியில் அனுப்புங்கள். கயிறு கட்டி இழுக்கக் கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டார் சுற்றும், மின்சாரம் உற்பத்தியாகும்.

கடல் காத்துல துருப்பிடிக்குமே?

பிடிக்கும், எல்லாக் காருக்கும் போலத்தான். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி இருப்பவர்கள் வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பானட்டுக்குள் மட்டும் பிரஷர் பம்ப் அடிக்காதீர்கள். கார்ப் பக்கத்து சார்ஜிங் வாயை மூடியே வையுங்கள். சுவர் சாக்கெட்டைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்து, போர்டைத் திறந்து, ஸ்க்ரூவை முறுக்கிப் பச்சைக் களிம்பைத் துடைக்க வேண்டும். பிளக் பின் நிறம் மாறினால் சாக்கெட்டையே மாற்றுங்கள், அது நூறு இருநூறு ரூபாய்ப் பொருள்.

கரண்ட் போனா? இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், பவர் பேங்க் இதுல எல்லாம் சார்ஜ் போடலாமா?

வீட்டு இன்வெர்ட்டரில் கூடவே கூடாது. 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் மொத்தமே 1.8 யூனிட்தான் இருக்கிறது. கார் பாயிண்டை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்காமல் வயர் இழுக்கச் சொல்லுங்கள். சேர்ந்துவிட்டால், ராத்திரி கரண்ட் போன நொடியில் இன்வெர்ட்டர் அலறும்.

சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரில் பெரும்பாலும் சார்ஜர் எடுக்காது. அதற்கு எர்த் கிடையாது, சார்ஜர் சிவப்பு விளக்கு போடும். எர்த்தையும் நியூட்ரலையும் முறுக்கிக் கட்டி ஏமாற்றும் வித்தையைச் சிலர் வீடியோவில் காட்டுகிறார்கள். வீட்டுப் பாயிண்டில் அதைச் செய்தீர்களானால், நியூட்ரல் அறுந்த அன்று கார் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். கதவைத் தொடுகிறவர் உங்கள் குழந்தையாக இருக்கலாம்.

தூக்கிக்கொண்டு போகும் பெரிய பவர் ஸ்டேஷன்கள் ஒன்றிரண்டு யூனிட் கொள்ளும். அது ஆறிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். விலையைப் பார்த்தால் அதற்கு லாயக்கில்லை. நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் உதவி வண்டியைக் கூப்பிடுவதுதான் மலிவு.

இதற்கு நேர்மாறான ஒரு வசதி சில கார்களில் உண்டு: காரிலிருந்து 230 வோல்ட் எடுப்பது. மிக்ஜாம் சமயத்தில் பல தெருக்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது இது இருந்தால் ஒரு வீட்டு ஃபிரிட்ஜும், ஃபேனும், பக்கத்து வீடுகளின் போன்களும் இரண்டு மூன்று நாள் ஓடும். ஆனால் சாதனங்களை நேராகக் காரின் சாக்கெட்டில் செருகுங்கள். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயர் செய்து வீட்டு லைனுக்குள் ஏற்றிவிடாதீர்கள். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். கம்பத்தில் ஏறி நமக்காக வேலை செய்யும் லைன்மேன், லைன் செத்திருக்கிறது என்று நம்பித்தான் கை வைப்பார்.

ஈ.பி. பில் எவ்வளவு ஏறும்?

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜிங் நட்டத்தோடு 165 யூனிட் வாக்கில். இரண்டு மாதத்துக்கு 330. இதுவரை 350 யூனிட் வந்த வீடு 680-க்குப் போகும். அங்கேதான் சிக்கல். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடாது. 101-வது யூனிட்டிலிருந்து கணக்குப் போடும் விலை அட்டவணையே மாறும். 500-க்கு மேல் யூனிட் 8 ரூபாய்க்கும் மேலே. முதல் 100 இலவசம் மட்டும் அப்படியே இருக்கும்.

முதல் பில்லைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்கள். ஆனால் கூடிய தொகை முழுவதையும் கார்க் கணக்கில் எழுதினாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயை ஒட்டித்தான் வருகிறது. பெட்ரோலில் ஆறேழு ரூபாய் ஆகும்.

வெளியூர் போக முடியுமா?

விளம்பரத்தில் சொன்ன தூரத்தில் முக்கால் பங்கை நம்புங்கள். ஆடி மாதம் பெரியபாளையம் போய்வர எந்த மின்சாரக் காருக்கும் கவலையில்லை. திருப்பதி சுமார் 140 கிலோமீட்டர். சின்ன பேட்டரி என்றால் மலை ஏறுமுன் கீழே சார்ஜ் போடுங்கள். குடும்பத்தோடு மலை ஏற, சமதளத்தில் ஓடும் செலவுக்கு மேலே மூன்று நான்கு யூனிட் கூடுதலாகப் போகும். இறங்கும்போது அதில் கணிசமானது திரும்ப ஏறும். அதனால் மலைமேல் முழுச் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள், திரும்பி வருவதை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது, பிரேக்கை நீங்களே மிதித்துச் சூடாக்க வேண்டிவரும்.

நூறு சதவீதம் சார்ஜ் போடலாமா, எண்பதோட நிறுத்தணுமா?

மின்சாரக் கார் பேட்டரியில் எல்.எஃப்.பி., என்.எம்.சி. என்று இரண்டு ரகம் பரவலாக உண்டு. எல்.எஃப்.பி. என்றால் வாரம் ஒருமுறையாவது நூறு போடச் சொல்வார்கள், என்.எம்.சி. என்றால் தினசரிக்கு எண்பது நல்லது. உங்கள் காரில் எது என்று கையேட்டில் இருக்கும்.

தீப்பிடிச்சா என்ன பண்ணணும்?

இறங்கி ஓடுங்கள். பையை எடுக்கத் திரும்பாதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள். 101 அல்லது 112-ஐக் கூப்பிட்டு, மின்சாரக் கார் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பேட்டரித் தீக்குச் சின்ன சிலிண்டர் போதாது, நிறையத் தண்ணீர் தொடர்ந்து வேண்டும். அணைந்த பிறகும் மணிக்கணக்கில் கழித்து மறுபடி பற்றலாம். பானட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும் கேபிள்கள் உயர் அழுத்த லைன். விபத்துக்குப் பிறகு மட்டுமல்ல, சாதாரண நாளிலும் அதைத் தொடவோ, அதன் பக்கத்தில் எக்ஸ்ட்ரா லைட்டுக்கு வயர் இழுக்கவோ தெரிந்த மெக்கானிக்கைக்கூட விடாதீர்கள்.

வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் பாயிண்ட் போட விட மாட்டேங்குறார். என்ன செய்ய?

இப்போதுள்ள வீட்டு இணைப்பிலிருந்தே கார் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்பது மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. ஆனால் அதை நீட்டிச் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் பயம் இரண்டுதான்: வீடு எரிந்துவிடுமோ, பில் தன் தலையில் விழுமோ.

முதல் பயத்துக்கு, எர்த் டெஸ்ட் செய்த அளவைக் காகிதத்தில் எழுதி வயர்மேன் கையெழுத்தோடு கொடுங்கள். எர்த் குழி செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்; பலன் அவர் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் கீசருக்கும்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள். இரண்டாவது பயத்துக்கு, கார் லைனில் தனியாக ஒரு சப்-மீட்டர் போடுங்கள். ஒரே இணைப்பில் இரண்டு குடும்பம் என்றால், கார் யூனிட்டுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் நியாயமாகாது, உங்கள் காரால் அவர் பில்லும் 500-ஐத் தாண்டியிருக்கும். கார் வருவதற்கு முன் வந்த பில்லை எடுத்து வைத்து, கூடிய தொகையைக் கொடுத்துவிடுங்கள். ரீடிங் எடுக்கும் அன்று சப்-மீட்டரைப் போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இப்படிச் செய்து புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு ஓனரைச் சம்மதிக்க வைத்தோம். எர்த் குழி எடுத்த அன்று அவரே வந்து பக்கத்தில் நின்று, “இந்தக் குழாய்க்கு வாரம் ஒருதரம் தண்ணி ஊத்தணுமாப்பா?” என்று கேட்டார். கோடையில் ஊற்றுங்கள் ஐயா என்றேன்.